75இல் செய்த 76 மாடல்

நம் ஊரில் பழைய வண்டி பார்க்கப் போனால் முதல் கேள்வி "எந்த மாடல்?" என்பதுதான். மாடல் என்றால் நமக்கு வருடம். ஸ்ப்ளெண்டரா பல்சரா என்பது கண்ணுக்கே தெரிகிறது, அதை யார் கேட்கப் போகிறார்கள். "2012 மாடல் சார், சிங்கிள் ஓனர்" என்று புரோக்கர் சொன்ன உடனே மனசு ஒரு விலை போட்டுவிடும், மற்றதெல்லாம் அந்த விலையிலிருந்து ஏற்றி இறக்குகிற வேலைதான். டிசம்பர் கடைசியில் ஷோரூம்களில் தள்ளுபடி கிடைப்பதும் இதனால்தான். பத்து நாள் பொறுத்து ஜனவரியில் எடுத்தாலும் வண்டி செய்த மாதமும் வருடமும் ஆர்.சி.யில் ஏறிவிடும், பின்னால் விற்கும்போது அந்தப் பத்து நாள் ஒரு முழு வருடமாகக் கழியும்.

இந்த ஒற்றை எண் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் கலிஃபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வாங்கக் காசு சேர்வதற்குப் பல வருடம் முன்பே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்கடை வாசலில் வரிசையாக நிற்கிற கார்களைச் சுற்றிச் சுற்றி வருவேன், சொந்தக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பேன், அவர்களும் சலிக்காமல் சொல்லுவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது, ஒரே காருக்கு மூன்று வருடம் இருக்கலாம். தொழிற்சாலையில் செய்து முடித்த நாள் ஒன்று, கம்பெனி அதற்குச் சூட்டிய மாடல் வருடம் ஒன்று, முதல்முதலாக ஒருவர் பெயரில் பதிவான நாள் ஒன்று. மூன்றும் ஒரே வருடத்தில் விழுந்தால் பேச்சே இல்லை. விழாதபோது விற்பவர் ஒன்றைச் சொல்கிறார், வாங்குபவர் இன்னொன்றைப் புரிந்துகொள்கிறார், நடுவில் பெரிய தொகை ஒன்று கை மாறிப் போகிறது.

என் அப்பாவுக்கும் இரண்டு பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனபோது, தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டதும் வாத்தியார், ஜூன் மாதத்துக்கு ஐந்து வயது நிறைகிற மாதிரி ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். ஜாதகத்தில் இருப்பது ஐப்பசி. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது வாத்தியார் எழுதிய தேதிப்படி, அறுபதாம் கல்யாணம் நடந்தது ஜாதகப்படி. இதில் எது நிஜமான வயது என்று எங்கள் வீட்டில் யாரும் குழம்பியதே இல்லை. எந்தக் காரியத்துக்கு எந்தத் தேதி என்று எல்லோருக்கும் தெரியும். கார் விஷயத்திலும் இவ்வளவு தெளிவு இருந்துவிட்டால் போதும்.

மாடல் வருடம் என்பது ஒரு சம்பிரதாயமாகத் தொடங்கி அமெரிக்காவில் சட்டமாகவும் ஆகிவிட்ட ஏற்பாடு. புது மாடல்கள் இலையுதிர் காலத்தில் கடைக்கு வரும், ஆனால் அடுத்த வருடத்தின் பெயரைத் தாங்கி வரும். சட்டம் கேட்பது ஒன்றுதான்: ஒரு மாடல் வருடத்தின் தயாரிப்புக் காலத்துக்குள் அந்த வருடத்தின் ஜனவரி 1 வர வேண்டும், வேறு எந்த ஜனவரி 1ம் வரக் கூடாது. அதாவது 1984 மாடலை 1983 ஜனவரி 2ஆம் தேதியே செய்ய ஆரம்பிக்கலாம். செவ்ரலே கார்வெட் கிட்டத்தட்ட அப்படியேதான் செய்தது. நான்காம் தலைமுறைக் கார்வெட் 1983 மாடலாக வர வேண்டியது, தாமதமாகிவிட்டது, ஜனவரியில் தயாரிப்பு தொடங்கியபோது 1984 என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1983 என்று எண் போட்ட சோதனை வண்டிகள் 43 செய்திருந்தார்கள், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழித்தார்கள். அந்த ஒற்றை வெள்ளை வண்டி கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீன் ஊரில் இருக்கிற கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆக, 1983இல் செய்த கார்வெட் ஆயிரக்கணக்கில் ஊரெல்லாம் ஓடுகின்றன, 1983 மாடல் கார்வெட்டை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஃபோர்டு மஸ்டாங் இதற்கு நேர் எதிர். 1964 மார்ச் 9 அன்று தயாரிப்பு தொடங்கியது, ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது, ஆனால் முதல் வண்டியிலிருந்தே வண்டி எண் 5 என்று ஆரம்பிக்கிறது, அதாவது 1965. இருந்தாலும் அந்த வருடம் ஆகஸ்ட் வரை செய்தவற்றை எல்லோரும் "அறுபத்து நாலரை" என்றுதான் சொல்லுகிறார்கள். அந்த வண்டிகளில் மின்சாரத்துக்கு டைனமோ, பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். எந்த ஆவணத்திலும் இல்லாத அந்த அரை வருடத்துக்கு இன்றைக்கும் தனியாக ஒரு விலை உண்டு.

சரி, என் காருக்கு வருகிறேன்.

போர்ஷே 911ஐப் பொறுத்தவரை வருடம் பிறப்பது ஜனவரியில் இல்லை, ஆகஸ்டில். ஷ்டுட்கார்ட் பக்கம் சூஃபென்ஹவுஸன் தொழிற்சாலை கோடை விடுமுறைக்கு மூடித் திறந்ததும் அடுத்த மாடல் வருடத்து வண்டிகள் வரிசையில் ஏறும். நமக்கு ஆடி போய் ஆவணி பிறக்கிற சமயம். பெரிய மாற்றங்களையும் அந்த இடைவெளியில்தான் வைத்துக்கொள்வார்கள். இதற்கு எல்லோரும் சொல்லுகிற உதாரணம் 1972 மாடல். அந்த ஒரு வருடம் மட்டும் இன்ஜின் ஆயில் ஊற்றுகிற வாயை வண்டிக்கு வெளியே, வலது பக்கக் கதவுக்குப் பின்னால், ஒரு சின்ன மூடி போட்டு வைத்தார்கள். பெட்ரோல் பங்கில் சிலர் அதையே பெட்ரோல் வாய் என்று நினைத்து நிரப்பிவிட்டார்கள், இன்ஜின் கெட்டது. அடுத்த ஆகஸ்டில் மூடி காணாமல் போய்விட்டது. எனவே 1972 அக்டோபரில் செய்த 911இல் அந்த மூடி இருக்காது, 1971 அக்டோபரில் செய்ததில் இருக்கும். விளம்பரத்தில் "1972" என்று போட்டிருந்து அந்த மூடி இல்லையென்றால், பொய் சொல்கிறார்கள் என்று பாயக் கூடாது. செய்த வருடத்தைச் சொல்லியிருப்பார்கள், வண்டி 73 மாடலாக இருக்கும். புகழ்பெற்ற கரேரா ஆர்எஸ் 2.7 அப்படித்தான்: 1972 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சிக்கு வந்தது, மொத்தம் 1,580 செய்தார்கள், அத்தனையும் 73 மாடல்.

1975 ஆகஸ்டில் விழுந்த கோடு இதைவிடப் பெரியது. அதுதான் என் பணத்தோடு சம்பந்தப்பட்டது. அந்த மாதம் தொடங்கிய 76 மாடலிலிருந்து 911இன் உடற்கூடு முழுவதையும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தார்கள், அரிப்புக்கு எதிராக 6 வருட உத்தரவாதமும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வண்டிகளைத் துரு தின்னுகிற வேகம், கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 74 மாடல் ஒன்றை ஒரு நண்பரோடு பார்க்கப் போனபோது ஜாக்கி வைக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், பெயிண்டும் அதற்கு அடியில் பூசியிருந்த தாரும் அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. மேலே மினுமினு என்று ஆரஞ்சு வண்ணம்.

ஆனால் கலிஃபோர்னியா அதே கோட்டில் வேறு ஒன்றை வைத்திருக்கிறது. இங்கே பெட்ரோல் கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஸ்மாக் செக், அதாவது புகைப் பரிசோதனை உண்டு. 1975 மாடலும் அதற்கு முந்தையவையும் இதற்கு வரவே வேண்டாம், 76 மாடல் வந்தே ஆக வேண்டும். மாடல் வருடத்தைத்தான் பார்க்கிறார்கள், செய்த மாதத்தை இல்லை. அந்தக் காலத்து 2.7 லிட்டர் இன்ஜினின் அடிக்கூடு மக்னீசிய உலோகத்தில் வார்த்தது, சூடு தாங்காமல் ஹெட் போல்ட்டுகள் பிடியை விட்டுக் கழன்று வரும் நோய் உள்ளது. பலர் அதைப் பிரித்துச் சரி செய்யும்போது புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை எடுத்துத் தூர வைத்துவிட்டார்கள். 75 மாடல் என்றால் அதை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. 76 மாடல் என்றால் ஒவ்வொரு பாகமும் அதன் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பதிவு செய்ய முடியாது.

ஆக, ஜூலையில் செய்த 75 மாடலும் செப்டம்பரில் செய்த 76 மாடலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். ஒன்று துருப்பிடிக்கும், பரிசோதனை கிடையாது. மற்றது லேசில் துருப்பிடிக்காது, பரிசோதனை உண்டு. இங்கே வாங்குபவர்களிடம் 75க்குத்தான் கிராக்கி. மழையும் சாலை உப்பும் உள்ள ஊரில் இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 76தான் கேட்டிருப்பேன்.

நான் பார்க்கப் போன வண்டி "1975 911எஸ், ஸ்மாக் தேவையில்லை" என்று விளம்பரம் போட்டிருந்தது. சாக்ரமென்டோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். விற்பவர் ஓய்வு பெற்ற பெரியவர், முப்பது வருடமாக அவரிடமே இருக்கிற வண்டி, மகள் வீட்டுப் பக்கத்தில் இருக்கலாம் என்று மொன்டானாவிலிருந்து சில மாதம் முன்புதான் குடிவந்திருந்தார். வண்டி இன்னும் மொன்டானா நம்பர் பிளேட்டில்தான் இருந்தது. அந்த மாநிலத்தில் புகைப் பரிசோதனையே கிடையாது, அதனால் இந்தக் கேள்வி அவருக்கு முப்பது வருடமாக வந்ததே இல்லை. உரிமைப் பத்திரத்தில் 1975 என்று அச்சாகியிருந்தது. காபி கொடுத்தார். கேரேஜ் கதவைத் தூக்கினார். பழுப்பு நிறம், பாச்சைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, உள்ளே பழைய தோலும் பெட்ரோலும் கலந்த வாசனை.

ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வெயிலில் வெளுத்திருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன், தயாரித்த மாதம் தெரிந்தது: 9/75. பெரியவர் பின்னால் நின்றுகொண்டு, பார்த்தீர்களா, 75 என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றில் லேசாக ஒரு பிசைவு. செப்டம்பர் என்றால் விடுமுறை முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே.

வண்டியைச் சுற்றி முன்னால் போய், கண்ணாடி வழியாக இடது தூணில் இருக்கும் சின்னத் தகட்டில் போன் வெளிச்சத்தை அடித்தேன். அந்தக் கால போர்ஷே வண்டி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் மூன்றும் 911. நான்காவது இலக்கம்தான் மாடல் வருடம். 9115 என்று தொடங்கினால் 75, 9116 என்றால் 76. இதில் 6 இருந்தது. சந்தேகமே இல்லை, நன்றாக உருண்டு திரண்ட 6. முன்பக்க டிக்கியைத் திறந்து கம்பளத்தை விலக்கி, உடற்கூட்டிலேயே அடித்திருந்த எண்ணையும் பார்த்தேன். அங்கேயும் அதே 6.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்தார். அதில் முதல் உரிமையாளருக்கு டீலர் கொடுத்த பில் இருந்தது. தேதி 1975 அக்டோபர், வண்டியின் பெயர் இருக்கும் இடத்தில் தட்டச்சில் "1976 911எஸ்". முப்பது வருடமாக அவர் கையிலேயே இருந்த காகிதம். முதல் பதிவு செய்த அலுவலகத்தில் யாரோ விற்ற வருடத்தை மாடல் என்று எழுதிவிட்டார்கள், அதுவே பத்திரத்துக்குப் பத்திரம் வந்துகொண்டிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு முறை படித்தார். பொய் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை, செய்த வருடம் 75தான், பதிவான வருடமும் 75தான்.

அமெரிக்காவுக்கு வந்த பழைய ஐரோப்பிய வண்டிகளில் இந்த மாதிரிக் குழப்பம் சாதாரணம். விற்காமல் கிடந்த வண்டி மறு வருடம் விற்றால், விற்ற வருடத்தையே பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். அதனால்தான் 1962 என்று பத்திரம் சொல்கிற ஜாகுவார் ஈ-டைப் ஒன்று உண்மையில் 1961 கடைசியில் செய்ததாக இருக்கலாம், அப்படி இருந்தால் அதன் தளம் தட்டையாக இருக்கும். 1962 தொடக்கத்தில்தான் கால் வைக்கும் இடத்தைக் குழிவாக்கினார்கள், உயரமானவர்கள் காலை நீட்ட முடியவில்லை என்பதற்காக. தட்டைத் தளம் அசௌகரியம், ஆனால் விலை அதற்குத்தான் அதிகம். அதற்கும் முந்தைய முதல் 500 வண்டிகளில் பானெட்டைத் திறக்க வெளியிலிருந்து சாவி போட வேண்டும், பக்கத்துக்கு ஒரு பூட்டு. அந்த இரண்டு ஓட்டைகளுக்கு இன்றைக்குக் கொடுக்கிற விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. பொறியாளர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது அந்தப் பூட்டில் தெரிகிறது. முதல் சில மாதத்து வண்டிகள் மேல் இருக்கிற ஆசை அதுதான்.

டாட்சன் 240 இசட் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் வருடமே கேட்க மாட்டார்கள், மாதம்தான் கேட்பார்கள். 1970 டிசம்பர் வரை செய்தவற்றில் பின்கதவிலேயே, கண்ணாடிக்குக் கீழே, காற்று போக இரண்டு துவாரப் பட்டைகள் இருக்கும். அது வழியாகச் சைலன்சர் புகை உள்ளே வருகிறது என்ற குறை வந்தது. 1971 ஜனவரி வாக்கில் அதை எடுத்துவிட்டுப் பக்கத் தூணில் வட்டமாக ஒரு இசட் முத்திரையோடு காற்றுவழி வைத்தார்கள். பின்கதவில் துவாரம் உள்ளதுதான் முதல் வரிசை, விலை கூடியது. பத்திரத்தில் 1971 என்று இருக்கிற வண்டியின் கதவுத் தூண் தகட்டில் 11/70 என்று இருந்தால் அது முதல் வரிசை வண்டிதான். காபிக்கடை வாசலில் ஒருவர் தன் வண்டியை வெறும் "71" என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்கதவைப் பார்த்துவிட்டு நான் தகட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன், இருவரும் சேர்ந்து குனிந்து படித்தோம், 10/70. அந்த மனிதர் எழுந்து நின்று தன் வண்டியையே புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் தகட்டிலும் இரும்பிலும் விழுந்த கோடுகள். சட்டத்தில் விழுகிற கோடுகள் வேறு ரகம், அங்கே வண்டியில் ஒரு திருகுகூட மாறியிருக்காது, விலை மட்டும் மாறும். பிரிட்டனில் பல வருடம் 1973 ஜனவரி 1க்கு முன் செய்த வண்டிகளுக்குச் சாலை வரி இல்லை என்று இருந்தது. 2014 பட்ஜெட்டுக்குப் பிறகு அது 40 வருடம் என்று நகர்கிற கோடாக மாறியது. அதற்கு முன்பு, 1972 டிசம்பரில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்து 1973 பிப்ரவரியில் பதிவான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தவருக்கு, செய்த நாளை நிரூபித்தால் வருடா வருடம் வரி மிச்சம். கேடன் ஊரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பேரேடுகளைப் பாதுகாக்கிறார்கள், எழுதிக் கேட்டால் செய்த தேதியோடு சான்றிதழ் கொடுப்பார்கள். நம் ஊரில் கோயில் கல்வெட்டைப் பார்த்து மானியம் நிலைநாட்டுகிற மாதிரி.

அமெரிக்காவுக்குள் வெளிநாட்டு வண்டியைக் கொண்டுவருவதில் இன்னொரு கோடு. இந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத வண்டியாக இருந்தாலும் 25 வயது ஆகிவிட்டால் விடுவார்கள். இங்கே மாடல் வருடம் செல்லாது, செய்த மாதத்திலிருந்து எண்ண வேண்டும். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்34 தலைமுறை 1999 ஜனவரியில் வந்தது. ஆகவே 2024 ஜனவரியில்தான் முதல் வண்டிகளுக்குக் கதவு திறந்தது, அதற்குப் பிறகு மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வருகிறது. 2002இல் கடைசியாகச் செய்த, நூர் என்று பெயரிட்ட 1,003 சிறப்புப் பதிப்பு வண்டிகளுக்கு 2027 வர வேண்டும். ஜப்பானிய வண்டி எண்ணிலோ மாடல் வருடம் என்று ஒன்று கிடையாது, பிஎன்ஆர்34 என்று போட்டு ஒரு வரிசை எண் மட்டும்தான். சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் துணி லேபிளில் அந்தப் பெல்ட் செய்த தேதி இருக்கும், அதைப் பார்த்து வண்டியின் மாதத்தை யூகிக்கிறவர்கள் உண்டு. பெல்ட்டை வண்டியைவிட முன்னாலேயே செய்திருப்பார்கள் என்பதால் அது துணைச் சான்றுதான். ஆனால் அந்தத் துண்டுத் துணியைத் திருப்பிப் படிக்கிற கைகளைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையாக இருக்கும்.

இந்தியாவில் 2021இல் வந்த விண்டேஜ் விதி மூன்றாவது தேதியை எடுத்துக்கொள்கிறது. முதல் பதிவு நாளிலிருந்து 50 வருடம். அப்படியென்றால் என் வண்டி அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்கு 1975 செப்டம்பர், கலிஃபோர்னியாப் புகைச் சட்டத்துக்கு 1976, இந்திய விதிக்கு 1975 அக்டோபர். மூன்றும் சரி. அவரவர் கேட்பது வேறு.

ஆமாம், அதை வாங்கிவிட்டேன். பெரியவரே விலையைக் குறைத்தார். நான் கேட்பதற்கு முன்பே குறைத்தார், 75க்குத்தான் அந்த விலை கேட்டேன், இது 75 இல்லையே என்றார். வாங்குவதற்கு முன் கேரேஜ் தரையில் அட்டையை விரித்து அடியில் படுத்து முழுக்கப் பார்த்தேன். ஜாக்கி வைக்கும் இடம், முன் டிக்கியில் பேட்டரிக்கு அடிப்பக்கம், கதவுக்குக் கீழே ஓடுகிற நீண்ட பெட்டி, பின் சக்கரத்துக்கு முன்னால் தகடுகள் கூடுகிற மூலை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். எங்கேயும் கொடுக்கவில்லை. பெயிண்ட் உரிந்த ஓர் இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி துத்தநாகம் தெரிந்தது. மொன்டானாக் குளிரில் இத்தனை வருடம் இருந்த வண்டி அது. அதைப் பார்த்ததும் மனசு அங்கேயே முடிவு செய்துவிட்டது. நல்ல வேளையாக அவர் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை எடுத்துப் போடவில்லை, காற்றுப் பம்ப் உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

பத்திரத்தை என் பெயருக்கு மாற்றும்போது ஒரு நண்பன் சொன்னான், "பேப்பர்ல 75னுதானே இருக்கு, அப்படியே விட்டுடு மச்சான், ஸ்மாக்கும் வேண்டாம், நாளைக்கு விக்கிறப்போ விலையும் கூட வரும்." அவன் கெட்டவன் இல்லை, நடைமுறை சொன்னான். என்னால் முடியவில்லை. என்னிடம் வாங்குகிறவரும் ஒருநாள் கண்ணாடி வழியாக வெளிச்சம் அடித்து நான்காவது இலக்கத்தைப் படிப்பார், அல்லது படிக்கத் தெரியாமல் 75க்கான காசைக் கொடுப்பார். இரண்டுமே எனக்கு வேண்டாம். அந்தப் பழைய பில்லின் நகலையும் வண்டி எண்ணின் புகைப்படத்தையும் வைத்து, மூன்று நாள் அலைந்து, 1976 என்று திருத்தி வாங்கினேன். கவுன்டரில் இருந்த அம்மா, எல்லோரும் வண்டிக்கு வயதைக் கூட்டத்தான் வருவார்கள், நீங்கள் குறைக்க வந்திருக்கிறீர்களே என்றார்.

யாராவது இப்போது என்னிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று கேட்டால், விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று புகைப்படம் கேட்கச் சொல்லுகிறேன்: வண்டி எண், கதவுத் தூண் ஸ்டிக்கர், முதல் பத்திரம் அல்லது பில். 1981 மாடல் முதல் வந்த அமெரிக்க வண்டி என்றால் 17 இலக்கத்தில் பத்தாவது எழுத்து மாடல் வருடம். அனுப்பத் தயங்குகிற ஆளிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். தாராளமாக அனுப்புகிற ஆள், மூன்றும் ஒத்துப்போகாவிட்டாலும், நல்ல ஆள்.

போன மாதம் மூன்றாவது முறையாக ஸ்மாக் செக்குக்குப் போனேன். புதுப் பையன், கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, சார், இதில் 9/75 என்று இருக்கிறது, உங்களுக்குச் சோதனையே தேவையில்லையே என்றான். வா என்று முன்னால் கூட்டிப்போய்க் கண்ணாடி வழியாகத் தகட்டைக் காட்டினேன். நான்காவது எண்ணை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். விரலால் கண்ணாடி மேல் தொட்டுத் தொட்டு எண்ணினான், ஒன்பது, ஒன்று, ஒன்று, ஆறு. பிறகு வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, பின்னால் குழாயைச் செருகிவிட்டுக் கணினியில் 1976 என்று தட்டினான். அளவுகள் வரம்புக்குள் இருந்தன. சான்றிதழைக் கொண்டுவந்து பெரியவர் கொடுத்த ஃபைலில், அந்த 1975 அக்டோபர் பில்லுக்கு அடுத்த உறையில் வைத்திருக்கிறேன்.